2⁶¹ − 1 பகு எண் என்று நிரல் சொல்வது ஏன்?

2⁶¹ − 1, அதாவது 2305843009213693951, பகா எண்தான். 1883-லேயே ரஷ்யக் கணிதவியலர் பெர்வூஷின் அதை நிறுவிவிட்டார். நீங்கள் எழுதியிருக்கும் லூகாஸ்–லேமர் சோதனையின் தர்க்கத்திலும் பிழை இல்லை. 2ᵖ − 1 வடிவ எண் பகா எண்ணா என்று காண, அது 4-இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பை வர்க்கப்படுத்தி, 2 கழித்து, அந்த எண்ணால் வகுத்த மீதியை அடுத்த மதிப்பாக எடுக்கிறது; முடிவில் பூச்சியம் வந்தால் பகா எண். வர்க்கப்படுத்தும் இடத்தில் மாறி தாங்கக்கூடிய 64 பிட் (இரும இலக்க) எல்லை மீறப்படுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

2³¹ − 1 வரை நிரல் சரியாக இயங்கியது என்கிறீர்களே, அதுவே இதற்குத் தடயம். அங்கே ஒவ்வொரு மதிப்பும் 31 பிட்டுக்குள் அடங்குவதால் அதன் வர்க்கம் 62 பிட்டைத் தாண்டாது. அடுக்கு 61-க்கு வரும்போது வர்க்கம் 122 பிட் வரை வளர்ந்து, மேற்பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுவிடுகிறது.

சோதித்துப் பார்க்க, தொடரின் மதிப்புகளை ஒவ்வொன்றாக அச்சிடுங்கள். 4, 14, 194, 37634, 1416317954, 2005956546822746114 என்ற முதல் ஆறும் சரியாகவே வரும். ஏழாவதைப் பைத்தானில் கணக்கிட்டு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். பெருக்கலை மட்டும் 128 பிட்டுக்கு மாற்றி, மீதி கண்ட பிறகு பழைய மாறியிலேயே சேமித்தால் போதும். 59 சுற்றுகளின் முடிவில் பூச்சியம் கிடைக்க வேண்டும்.

ஆனால் இந்தத் திருத்தம் 61-க்கு மேல் நீளாது. அடுத்த பகா அடுக்கான 67-க்கே வர்க்கம் 134 பிட் கேட்கும் என்பதால், அங்கே பெரிய எண்களுக்கான நூலகம் தேவைப்படும். 67-க்குப் பூச்சியம் வராவிட்டால் மீண்டும் பிழை தேட வேண்டாம். 2ᵖ − 1 பகா எண்ணாகும் அடுக்குகள் என்று பதினேழாம் நூற்றாண்டுக் கணிதவியலர் மெர்சென் தந்த பட்டியலில் 61-ஐ விட்டுவிட்டு 67-ஐச் சேர்த்திருந்தாலும், 2⁶⁷ − 1 என்பது 193707721 × 761838257287 என்று 1903-இல் கணிதவியலர் கோல் பிரித்துக் காட்டிய பகு எண்.