கேளுங்கள், சொல்கிறோம்: லத்தீனில் ஒரு வரி

கேள்வி: அப்பா பணி ஓய்வு பெறுகிறார். ‘அப்பா மகளுக்கு ஒளி தருகிறார்’ என்று லத்தீனில் பித்தளைத் தகட்டில் பொறித்துக் கொடுக்க ஆசை. அகராதியைப் பார்த்து ‘பத்தெர் ஃபீலியா லூக்ஸ் தத்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பொறிக்கக் கொடுத்துவிடாதீர்கள். சொற்கள் நான்கும் சரி, உருபுகள் இல்லை. ‘அப்பா மகள் ஒளி தருகிறார்’ என்பதுபோல நிற்கிறது. நமக்கு ‘ஐ’, ‘கு’ போல லத்தீனிலும் வேற்றுமையைச் சொல்லின் கடைசி ஒலிதான் காட்டும். பெயர்ச்சொல்லுக்கு அகராதி முதலில் தருவது எழுவாய் வடிவம்தான்.

‘பத்தெர்’ எழுவாய், அப்படியே இருக்கட்டும். மகளுக்கு என்பது ‘ஃபீலியை’. இங்கே ‘ஃபீலியாம்’ என்று போட்டால் மகளையே கொடுக்கிறார் என்று ஆகிவிடும். ஒளியை என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். லூக்ஸ் என்பதோடு எதையும் ஒட்ட முடியாது. அகராதியில் அதன் பக்கத்திலேயே ‘லூகிஸ்’ என்று இன்னொரு வடிவம் இருக்கும், ‘ஒளியின்’ என்று பொருள். அதன் ‘இஸ்’ஸை நீக்கினால் கிடைக்கும் அடிச்சொல்லோடு ‘எம்’ சேர்த்தால் ‘லூக்கெம்’. ஆக,

பத்தெர் ஃபீலியை லூக்கெம் தத்.

வினை கடைசியில் வருவது லத்தீனுக்கும் இயல்பு என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம். ‘தருகிறார்’ என்ற மரியாதைக்காக வினையைப் பன்மையாக்கி ‘தந்த்’ என்று எழுதிவிடாதீர்கள். செவ்வியல் லத்தீனில் படர்க்கையில் மரியாதைப் பன்மை கிடையாது, பலர் தருகிறார்கள் என்றே படிக்கப்படும். ‘தந்தார்’ என வேண்டுமானால் ‘தெதித்’.

தங்கையையும் சேர்ப்பதானால் கவனம். ‘ஃபீலியீஸ்’ என்பது மகன்களுக்கும் மகள்களுக்கும் பொதுவான வடிவம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ரோமானியர்கள் ‘ஃபீலியாபுஸ்’ என்று தனியாக ஒன்றை வைத்திருந்தார்கள். மகள்களுக்கு என்று ஐயமின்றிச் சொல்ல அதுவே நல்லது.

பொறிப்பவரிடம் எழுத்துகளைத் தனித்தனியாகத் தாளில் எழுதிக் கொடுங்கள், எல்லாம் பெரிய எழுத்தில்: P A T E R; F I L I A E; L V C E M; D A T. மூன்றாம் சொல்லில் ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வி’ இருப்பது பிழையல்ல. ரோமானியக் கல்வெட்டுகளில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அந்தத் தோற்றம் வேண்டாமென்றால் ‘யூ’வே போடலாம். பாடநூல்களில் உயிரெழுத்தின் மேல் வரும் நெடில் கோடு தகட்டுக்குத் தேவையில்லை. சொற்களுக்கு நடுவே, எழுத்தின் பாதி உயரத்தில், ஒரு புள்ளி வைத்தால் பழைய கல்வெட்டின் அழகு வந்துவிடும்.

கேள்வி: ‘லூக்கெம்’ என்பதை எங்கள் பாதிரியார் ‘லூச்செம்’ என்கிறார். எது சரி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டும் சரி. ‘இ’, ‘எ’ ஒலிகளுக்கு முன் வரும் ‘சி’ எழுத்தை ‘ச்ச’ என்பது இத்தாலிய வழியில் வந்த திருச்சபை உச்சரிப்பு. பண்டைய ரோமானிய நாவலர் சிசெரோ காலத்து ரோமில் அது எங்கும் ‘க’தான். வழிபாட்டில் முன்னதையும், பழைய இலக்கியம் படிக்கையில் பின்னதையும் கொள்ளுங்கள்.