ஐந்து தூரிகைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக லினோவில், அதாவது மென்மையான லினோலியம் தகட்டில், செதுக்கி அச்செடுக்கிறேன். கத்தரிக்கோல், குறடு, பழைய பூட்டு என்று வீட்டுச் சாமான்கள்தான் கைக்கு வருகின்றன. “இதில் என்ன இருக்கிறது, மனிதர்களைச் செய்” என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பூட்டு அச்சை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓவியர் ஜிம் டைனின் அச்சுகளைத் தேடிப் பாருங்கள். 1935இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்தவர். தாத்தா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். சுத்தியலும் குறடும் அவருக்குச் சின்ன வயதிலேயே பழகிய பொருட்கள். கருவிகள், தூரிகைகள், ஒரு குளியல் அங்கி என்று பல பத்தாண்டுகளாக அவற்றையே திரும்பத் திரும்பச் செய்துவந்தார்.

அந்த அங்கிதான் உங்கள் நண்பர்களுக்குப் பதில். 1964இல் ஒரு விளம்பரத்தில் அதைப் பார்த்தார். உள்ளே ஆள் இல்லை. ஆனால் தானே அதற்குள் நிற்பதுபோல அவருக்குத் தோன்றியது. அப்புறம் அந்த வெற்று அங்கிகளுக்குத் தன்னுருவப்படம் என்றே பெயர் வைத்தார். முகமோ கையோ இல்லை. இருந்தும் தோள் நிற்கிற விதத்தில் ஒரு மனிதர் தெரிகிறார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1972இல் அவர் தொடங்கிய ‘ஐந்து தூரிகைகள்’. அது எட்சிங் முறையில் எடுத்த அச்சு. உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கினால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் மைதான் தாளுக்கு வருகிறது. ஒரு நிலையில் அச்செடுத்த பிறகும் டைன் தகட்டை மூலையில் போடவில்லை. அதையே எடுத்து மறுபடி கீறினார், மறுபடி அச்செடுத்தார். புதிய தூரிகைகள் வந்து சேர்ந்தன, தலைப்பில் மட்டும் ஐந்து அப்படியே இருந்தது. எட்சிங் தகட்டில் பழைய கோட்டைச் சுரண்டித் தேய்த்தாலும் பெரும்பாலும் ஒரு மங்கல் தங்கிவிடும். தூரிகை மயிரின் சிக்கலுக்கு அந்த மங்கலைப்போலப் பொருத்தமானது வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் பூட்டு. சாவித்துளையைச் சுற்றித் தேய்ந்திருப்பதை அழகாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் பின்னணி முழுக்கக் கொடியும் பூவும். பூட்டு மட்டும் போதாது என்று பயந்திருக்கிறீர்கள். லினோவில் வெட்டியது திரும்பி வராது, அதனால் கொஞ்சம் வெட்டியதும் ஒரு அச்சு, இன்னும் கொஞ்சம் வெட்டியதும் இன்னொன்று என்று எடுத்து வையுங்கள். பூ வேண்டாம். அதே பூட்டு. எல்லா அச்சையும் வரிசையாக எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.