விளிம்பில் இல்லாத ஊர்

ஐயா,

எங்கள் ஊர் ஆற்காட்டுப் பக்கம். பாட்டி இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கொள்ளுத்தாத்தாவின் மூன்று மெடல்களும் மடித்த காகிதம் ஒன்றும் இருந்தன. ஒன்று நட்சத்திர வடிவம், நடுவில் 1914-15 என்று இருக்கிறது. ஒன்று வெள்ளி, குதிரைமேல் ஓர் ஆள். மூன்றாவதில் சிறகு வைத்த பெண். அதுதான் விக்டோரியா மெடல், தாத்தா பெரிய வீரர் என்கிறார் சித்தப்பா. பெயருக்குப் பின்னால் 63 என்றும் பாளையங்கோட்டை என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. எங்களுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெள்ளி மெடலை மட்டும் ஒரு வியாபாரி கேட்கிறார், லண்டனில் ஏலம் விடுவாராம். வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டதற்குக் கொடுத்த தகடு, தள்ளிவிடு என்கிறான் தம்பி. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ர.

அன்புள்ள ர.,

முதலில் புளியைத் தூர வையுங்கள். சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். மெடல் சேகரிக்கிறவன் முதலில் பார்ப்பது ராஜா முகத்தை அல்ல, விளிம்பைத்தான். எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் அங்கே இருக்கும். நட்சத்திரத்துக்கு மட்டும் முதுகில்.

சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். அது வீரத்துக்குக் கொடுக்கும் விக்டோரியா கிராஸ் அல்ல, விக்டரி. முதல் உலகப்போரில் வென்ற தரப்பின் படைகளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்த வெற்றிப் பதக்கம். பின்பக்கம் பாருங்கள், ‘நாகரிகத்துக்கான மகாயுத்தம் 1914-1919’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். (எந்த நாகரிகம் என்று கேட்காதீர்கள்.) மூன்றுமே வீரத்துக்குக் கொடுத்தவை அல்ல, போர்முனைக்குப் போனதற்குக் கொடுத்தவை. இந்த மூன்றையும் சேர்த்து ‘பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட்’ என்பார்கள் ஆங்கிலேயர்கள். ஒரு பத்திரிகைச் சித்திரத் தொடரில் வந்த நாய், பெங்குவின், முயலின் பெயர்கள் அவை.

பாளையங்கோட்டை விஷயத்துக்கு வருகிறேன். 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி பழைய மதராஸ் ராணுவத்துப் பட்டாளம். பேர்தான் பாளையங்கோட்டை, அந்த ஊர்க்காரர்கள் மட்டும் சேர்ந்த படை அல்ல. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனது. போன இடம் தாங்கா, இன்றைய தான்சானியாவில் ஒரு துறைமுகம். அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. கரையிறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை சுமார் 8,000 பேர். எதிரில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் வைத்திருந்தது ஏறக்குறைய 1,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ஆனாலும் நவம்பர் 4ஆம் தேதி சண்டையில் பிரிட்டிஷ் பக்கம் படுதோல்வி. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, வாந்தியெடுத்து, இறங்கியதும் புதருக்குள் தள்ளப்பட்ட ஆட்கள். இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கியதும் 63வது பட்டாளம் சிதறி ஓடியது. போதாததற்குக் கூடு கலைந்த தேனீக்கள் வேறு இரண்டு பக்கத்தையும் கொட்டின. ஆங்கிலத்தில் இதற்குத் ‘தேனீக்களின் போர்’ என்றே ஒரு பெயர் உண்டு. மறுநாள் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் குவியலாகப் போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தக் கரையில் இருந்தாரா? நட்சத்திரம் இருப்பதால் 1915 முடிவதற்குள் ஏதோ ஒரு போர்முனைக்குப் போயிருக்கிறார். பிறகு அனுப்பப்பட்ட ஆளாகவும் இருக்கலாம். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆப்பிரிக்கப் போர்முனையின் பட்டாள நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அதிகாரி பெயர் வரும், சிப்பாய் எண்ணிக்கையாகத்தான் வருவான். கல்லிலும் அதே கதைதான். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், செத்தவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் ஆங்கிலேயருக்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பெயரும், இத்தனை பேர் என்ற எண்ணும்தான். அதனால்தான் இந்தத் தகடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த அரசே அவர் பெயரை எழுத்தெழுத்தாகப் பொறித்துக் கொடுத்தது இதில்தான். கணக்கன் கேட்டபடி எழுதிய ஆங்கிலத்தில் பெயர் கொஞ்சம் கோணியிருக்கும், பரவாயில்லை.

தம்பி சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. கூலிக்குத்தான் போனார். அந்தக் கூலியில்தான் உங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. ஓடிப்போனவரோ நின்றவரோ, இரண்டுக்காகவும் நான் வெட்கப்பட மாட்டேன்.

வியாபாரி விஷயம். வெள்ளி மெடலில் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி இருக்கும். 1980ல் வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே இதை ஏராளமாக உருக்கித் தள்ளினார்கள். இங்கே எத்தனை கொலுசாகிப் போனதோ. மூன்றையும் பிரித்தால் தொகுதியே போய்விடும். லண்டன் பேச்சை நம்பாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் மெடல்கள் அந்த வயதைத் தொட்டவை.

அதற்காக விற்பவர்களை நான் திட்டவும் மாட்டேன். என் அலமாரியில் இருப்பதெல்லாம் யாரோ விற்றதுதான். இருபது வருடத்துக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த குங்குமச் சிமிழோடு எடைக்குக் கிடந்த ஒரு வெள்ளி மெடலை வாங்கினேன். விளிம்பில் தமிழ்ப்பெயர் தெளிவாக இருந்தது. பேரன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஒரு வருடம் அலைந்தேன். அதே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள். விளிம்பில் ஊர் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாருடைய தாத்தாவோ.

விற்கிறீர்களோ வைத்துக்கொள்கிறீர்களோ, அதற்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். அவருடைய ஊர், தகப்பனார் பெயர், மனைவி பெயர், வீட்டில் சொல்லிவந்த கதைகள், சித்தப்பாவின் விக்டோரியா உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மெடலோடு வையுங்கள். உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் இந்த மாதமே கேளுங்கள்.

அப்புறம் அந்த மடித்த காகிதம். மூன்று மெடலுக்குப் பத்து வரி எழுதிய நீங்கள் அதற்கு ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். பட்டாளத்திலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் சீட்டாக இருந்தால் அதில் ஊர், தகப்பன் பெயர், எந்த வருடம் சேர்ந்தார் எல்லாம் இருக்கக்கூடும். மடிப்பில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.