எவ்வளவு நீர், எத்தனை நாள்

அன்புள்ள ஐயா,

திருவாரூரில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். பின்னால் மூளையும் தண்டுவடமுமாக மாறும் கருவின் நரம்புக்குழாயில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற ஒரே மூலக்கூறின் கட்டளையால் வெவ்வேறு வகை நரம்புசெல்கள் உருவாவது எப்படி? அது, பி.எம்.பி. என்ற இன்னொரு மூலக்கூறு, இந்த இரண்டில் எது முதன்மையானது? இந்த வேடிக்கைப் பெயருக்குத் தமிழில் ஒரு சொல் வைக்கக் கூடாதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அக்காவின் குழந்தை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து இறந்துவிட்டது. ஐந்தாம் மாதத்தில் கிரகணத்தன்று அவள் கொல்லைப்பக்கம் போனதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புள்ள மாணவிக்கு,

பெயரை நீக்கி வெளியிடுகிறேன். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி; முள்ளெலி போலத் தோன்றிய பழ ஈயின் புழுவைப் பார்த்து அந்தப் பெயர் வந்தது. அதைத் தமிழாக்கினால் பாடம் எளிதாகிவிடாது. எது முதன்மை என்பது தேர்வுத்தாள் கேட்கிற கேள்வி. ஹெட்ஜ்ஹாக் குழாயின் அடியில் நீளவாக்கில் ஓடும் தண்டான முதுகுநாணிலிருந்து மேலே பரவுகிறது, பி.எம்.பி. மேற்புறத்திலிருந்து கீழே இறங்குகிறது; இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு செல்லும் தன் இடத்தை அறிகிறது.

எனக்கு உறுத்தியது நீங்கள் எழுதிய 'கட்டளை' என்ற சொல். சில நாட்களாக நான் இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மூலக்கூறு சுரக்கும் ஊற்றுக்கு அருகே செறிவு அதிகம், தொலைவில் குறைவு, அந்த அளவைக் கொண்டு செல் தன் இடத்தை அறிகிறது என்ற சித்திரத்தை 1969-இல் கருவளர்ச்சி ஆய்வாளர் லூயிஸ் வோல்பெர்ட் தந்தார். வகுப்பில் நானும் அதைத் தலைமடை, கடைமடை என்று சொல்லி விளக்கியிருக்கிறேன். அது பாதி உண்மைதான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் நிலம் கடைமடையில் இருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஆண்டுகளில் என் தந்தை மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு நான் பார்த்ததில்லை; எத்தனை நாள் என்றுதான் கேட்பார். ஒருநாள் இரவு அரிக்கேன் விளக்கோடு அவருடன் மடையருகே உட்கார்ந்திருந்தேன். நுரையையும் வைக்கோல் துணுக்குகளையும் தள்ளிக்கொண்டு வந்த முதல் தண்ணீர் வாய் பிளந்திருந்த வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்தது. வெகுநேரம் வரை அது வரப்படியிலிருந்து ஒரு முழம்கூட நகரவில்லை. விடியும்போதுதான் வயலின் மறுகோடியில் ஈரம் தெரிந்தது.

செல்லும் அப்படித்தான் காலத்தைக் கணக்கில் எடுக்கிறது. ஹெட்ஜ்ஹாக்கைக் கொஞ்ச நேரமே பெற்ற செல் ஒருவகை நரம்புசெல்லாகிறது. அதிக அளவில் நீண்ட நேரம் பெற்றால் இயக்க நரம்புசெல்லாகவோ, அதற்கும் அடியில் அமையும் வகையாகவோ மாறுகிறது. ஆனால் ஓரிடத்தில் என் வயல் உவமை நிற்காது. இந்த மூலக்கூறைப் பெறப் பெற, அதைப் பிடித்து அடக்கும் பேட்ச்டு என்ற ஏற்பியைச் செல் கூடுதலாகத் தயாரிக்கிறது. அதாவது தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே தன் மடையைத் தானே சுருக்கிக்கொள்கிறது. அதனால் அதே அளவு மூலக்கூறு நேற்றைப் போல இன்று வேலை செய்யாது. கேட்கிறவன் தன் காதை மாற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில் கட்டளை என்ற சொல்லுக்கு என்ன வேலை?

இப்போது உங்கள் அக்கா. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கருத்தரித்த ஏறத்தாழ 28-ஆம் நாளுக்குள் நரம்புக்குழாய் முழுவதும் மூடிவிட வேண்டும். மூடாமல் போயிருந்தால், பல பெண்கள் நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்துகொள்ளும் வேளையிலேயே அது நடந்து முடிந்திருக்கும். கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில். மாதக்கணக்கில் முன்பே நடந்துவிட்ட ஒன்றுக்கு, பிறகு வந்த கிரகணத்தின் நிழல் எப்படிக் காரணமாகும்? இந்த நாட்கணக்கைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கத் தெரிந்த நீங்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேல் பழி விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தது தவறு. இன்றைக்கே ஒரு தாளில் அந்தத் தேதிகளை வரிசையாக எழுதி, அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வீட்டாருக்குக் காட்டுங்கள்.

அடுத்த குழந்தைக்கு முன் அவர் மருத்துவரைப் பார்க்கட்டும். முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், மீண்டும் அப்படி நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 72 விழுக்காடு குறைகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் நடத்திய சோதனை 1991-இல் காட்டியது. அந்த அளவை மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். நாள் தள்ளிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் அவரை இருக்க விடாதீர்கள்.