அப்பான்ர கால் புண்ணுக்கு ஒட்சிசன் தெரப்பி: வயலை ஈடு வைக்கட்டோ?

கேள்வி: கிளிநொச்சியில இருந்து எழுதுறன். அப்பாவுக்கு சீனி வருத்தம், பெருவிரலுக்குக் கீழ வந்த புண் மூண்டு மாசமாகியும் ஆறேல்ல. கொழும்பில ஒட்சிசன் தெரப்பி செய்தா காலைக் காப்பாத்தலாம் எண்டு சொந்தக்காரர் சொல்லுறார், 40 தரத்துக்கும் முதலே காசு கட்டினா குறைச்சுத் தருவினமாம். வயலை ஈடு வைக்கட்டோ, நகையை அடைவு வைக்கட்டோ?

பதில்: தங்கச்சி, வயலில இப்ப கை வைக்காதேங்கோ, முழுக்காசையும் முதலே கட்டவும் வேண்டாம்.

இந்தத் தெரப்பியில ஆளை சேம்பர் எண்டுற இறுக்கி மூடின அறைக்குள்ள விட்டு, சாதாரண காத்தழுத்தத்தைவிட 2, 2.5 மடங்கு அழுத்தத்தில சுத்தமான ஒட்சிசன் குடுப்பினம். ஒருக்கா போனா ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம், கிழமையில 5 நாள், 30 - 40 தரம். அப்பிடியெண்டா 6 தொடக்கம் 8 கிழமை நீங்கள் கொழும்பில நிக்கோணும், அறை வாடகை, சாப்பாடு, ஓட்டோக் காசு, கூட நிக்கிற ஆளின்ர உழைப்பு வேற போகும், இதையெல்லாம் அவையள் சொன்ன காசோட கூட்டிப் பாத்தீங்களோ? அதுதான் உண்மையான செலவு.

இது எல்லாப் புண்ணுக்கும் வேலை செய்யிறதும் இல்லை. நெதர்லாந்தில 120 பேரை வச்சுச் செய்து 2018இல வந்த ஆய்வில, வழமையான வைத்தியத்தோட இதையும் சேத்துக் குடுத்தும் காலைக் காப்பாத்துறதில தெளிவான வித்தியாசம் தெரியேல்ல. அமெரிக்காவில மெடிகெயார் எண்ட அரச காப்புறுதி கூட, எலும்பு வரைக்கும் கிருமி போனமாதிரி ஆழமான புண்ணுக்கு, அதுவும் 30 நாள் ஒழுங்கா வைத்தியம் பாத்தும் முன்னேற்றம் இல்லையெண்டாத்தான் காசு குடுக்கும்.

அதால முதல்ல உங்கட ஆஸ்பத்திரி சேர்ஜனிட்ட கேளுங்கோ: காலுக்கு ரத்த ஓட்டம் எப்பிடி, எலும்பில கிருமி இருக்கோ, நாளம் அடைச்சிருந்தா அதைத் திறக்கலாமோ எண்டு. அரச ஆஸ்பத்திரியில இதுக்குக் காசு இல்லை, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் பஸ் காசுதான். இப்ப கையில இருக்கிற காசை புண்ணில பாரம் விழாத செருப்புக்கும், ரத்தத்தில சீனி பாக்கிற ஸ்ட்ரிப்புக்கும் செலவழியுங்கோ. அப்பா வெறுங்காலோட வயலுக்க இறங்கிறதை நிப்பாட்டுங்கோ, ஒரு போகத்துக்கு குத்தகைக்கு விட்டாலும் பரவாயில்லை, புண்ணில பாரம் விழுந்துகொண்டே இருந்தா எந்தச் சேம்பரும் ஆத்தாது.

சேர்ஜனே இது தேவை எண்டு சொன்னா நகையை வங்கியில அடைவு வையுங்கோ, ஆனா எல்லாத்தையும் ஒண்டா வைக்காம 10 தரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும். பத்து முடிய புண்ணை அளந்து பாக்கச் சொல்லி, சின்னனாகுதெண்டா அடுத்த பத்துக்குக் கட்டுங்கோ. காலபோக நெல்லு வித்த காசிலயோ, வயலைக் குத்தகைக்கு விட்டா அந்தக் காசிலயோ மீட்டிடலாம். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில வந்து நிக்கிற லோன்காரரிட்ட மட்டும் கையெழுத்து வைக்காதேங்கோ பிள்ளை, அந்த வட்டியால வன்னியில எத்தினை பெம்பிளையள் அழுததை நான் பாத்திருக்கிறன்.

இதுக்கிடையில காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் மணத்தாலோ காசுக் கணக்கெல்லாம் விட்டிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.