தம்பிக்கு வில்சன் நோய்: நலமாக இருக்கும் எங்களுக்கும் பரிசோதனை தேவையா?

கேள்வி: 17 வயதாகும் என் தம்பிக்குக் கை நடுக்கமும் பேச்சுக் குழறலும் வந்து, வில்சன் நோய் என்று உறுதியாகியிருக்கிறது. எனக்கு 24 வயது, தங்கைக்கு 12. எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் வந்ததும் இல்லை. நாங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கட்டாயம், இருவருமே. தொந்தரவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

உணவில் வரும் தாமிரத்தில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதற்கு உதவும் ஏடிபி7பி என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் தாமிரம் முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையிலும் தேங்கும். உங்கள் பெற்றோர் இருவரிடமும் பழுதான பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் இருக்கின்றன. நல்லது ஒன்றே போதும் என்பதால் அவர்களுக்கு நோய் இல்லை. இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்ததால்தான் குடும்பத்தில் யாருக்கும் வராத நோய் தம்பிக்கு வந்தது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று.

மூளையை மெல்லச் சிதைக்கும் ஹன்டிங்டன் போன்ற பரம்பரை நோய்களில் பரிசோதனை செய்துகொள்வதா என்பது அவரவர் மனம் சார்ந்த முடிவு. முன்கூட்டியே தெரிந்தாலும் நோயைத் தடுக்க மருந்து இல்லை. வில்சன் நோயில் மருந்து இருக்கிறது. அறிகுறி தோன்றும் முன்பே தொடங்கி ஒழுங்காகச் சாப்பிட்டுவருபவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார்கள். நடுக்கம் வந்தபின் தொடங்கினால் எல்லோருக்கும் முழுமையாகச் சரியாவதில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினின் அளவு, கல்லீரல் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று கண் மருத்துவர் கருவி வைத்துப் பார்ப்பது ஆகியவை வழக்கமான சோதனைகள். ஆனால் செருலோபிளாஸ்மினை மட்டும் நம்ப முடியாது. நோயாளிகள் சிலருக்கு அது சரியான அளவிலேயே இருக்கும். ஒரு பிரதி மட்டும் பழுதான, நோயில்லாத சிலருக்கோ குறைந்திருக்கும். எனவே முதலில் தம்பியின் மரபணுப் பிழைகளைக் கண்டறியச் சொல்லுங்கள். அதே பிழைகள் உங்கள் இருவரிடமும் இருக்கின்றனவா என்று தேடினால் பெரும்பாலும் தெளிவான விடை கிடைத்துவிடும். ஒரு பிழை மட்டும் இருந்தால் சிகிச்சை எதுவும் வேண்டாம்.

இரண்டும் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் துத்தநாக மருந்தோ தாமிரத்தை வெளியேற்றும் மருந்தோ வாழ்நாள் முழுவதும் தேவை. ஈரல், சிப்பி, கொட்டை வகைகள், சாக்லேட் ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. பத்தியம் மட்டும் போதாது.

தம்பியைப் பற்றியும் ஒன்று. தாமிரத்தை வெளியேற்றும் பெனிசிலமின் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு நடுக்கம் கூடலாம். அப்படியானால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில ஆண்டுகள் கழித்து உடல் தேறியதும் மருந்து எதற்கு என்று அவருக்கே தோன்றக்கூடும். அப்போதும் விடக் கூடாது. திடீரென நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் செயலிழந்து உயிர் போயிருக்கிறது.