போர் தண்ணீர் உப்புக் கறை வீட்டுப் பொருளிலேயே போகுமா?

குழாயில் வெள்ளையாகப் படியும் உப்பு, கடை ஆசிட் இல்லாமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகும். வேளச்சேரியில் எங்கள் வீட்டிலும் போர் தண்ணீர்தான், அந்தப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பு, புளிப்பு பட்டால் கரையும், அதனால் ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையைத் தூக்கிப் போடாமல் குழாயைச் சுற்றி அப்பி, 10 நிமிடம் கழித்துப் பழைய பல் பிரஷால் தேயுங்கள், விளிம்பில் பொருக்குப் பொருக்காக உதிரும். மார்பிள் பக்கம் மட்டும் போகாதீர்கள், கல்லையே அரித்துவிடும்.

சிங்க் பிசுக்குக்கு ஆப்ப சோடாவைக் குழைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். அப்புறம், சோடாவும் வினிகரும் கலந்தால் நுரை பார்க்க ஜோர், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். ப்ளீச்சிங் பவுடரோடு புளிப்பு எதுவும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.